ஹெவி மெட்டலில் டிரம்ஸும் பேஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெட்டலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு பாடகரில் தொடங்கி கிட்டாரிஸ்டில் முடிந்துவிடுகிறது. பின்னால் உட்கார்ந்து அடிப்பவரையும் ஓரமாக நின்று நாலு கம்பியை மீட்டுபவரையும் பற்றி யாராவது கேட்டால்தான் உண்டு. அப்படிக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இங்கே. 1970க்கும் 1991க்கும் இடையில் வந்த ஆல்பங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மெட்டல் என்றாலே கிட்டார்தானே? டிரம்ஸ், பேஸ் பற்றித் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு, பெரும்பாலும் கிட்டாரில்தான் பிறக்கிறது, அதில் சண்டையில்லை. ஆனால் அந்த ரிஃப் கனமாக விழுகிறதா, சவசவவென்று போகிறதா என்பது அதற்குக் கீழே வாசிக்கிற இரண்டு பேர் கையில் இருக்கிறது. கிட்டாரில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் வேலை) ஏற ஏற அடிச்சுருதிப் பகுதி கலங்கிப்போகும். அதனால் ஒலிப்பதிவில் கிட்டாரின் கீழ்ப்பகுதியை ஓரளவு வெட்டிவிட்டு, அந்த இடத்தை பேஸ் கிட்டாருக்கும், காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்கும் கொடுப்பது வழக்கம். ஆக, கிட்டாரின் கனம் என்று நீங்கள் நினைத்துக் கேட்பதில் ஒரு பெரும் பங்கு பேஸுடையது.

நம்பிக்கை வராவிட்டால், மெட்டல் வரலாற்றிலேயே இதற்கு இரண்டு சோதனைகள் நடந்திருக்கின்றன. ஒரு ஆல்பத்தில் பேஸை அமுக்கிவிட்டார்கள். இன்னும் இரண்டு ஆல்பங்களில் டிரம்ஸையும் பேஸையும் மொத்தமாக எடுத்துவிட்டு வேறு ஆட்களை வாசிக்கவைத்தார்கள். இரண்டு கதையும் கீழே வருகின்றன.

பாட்டில் பேஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எப்படிக் கேட்பது?

முதலில் போன் ஸ்பீக்கரை விடுங்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்புவது ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. சுமாரான ஹெட்ஃபோன் போதும்.

பேஸ் தனியாகத் தொடங்கும் பாட்டு ஒன்றைப் பிடியுங்கள். பிளாக் சாபத்தின் ‘என்.ஐ.பி.’, அயர்ன் மெய்டனின் ‘ராத்சைல்டு’, மெகாடெத்தின் ‘பீஸ் செல்ஸ்’ மூன்றும் நல்ல தேர்வு. மற்ற வாத்தியங்கள் வந்து சேர்ந்த பிறகும் அந்தத் தனி ஒலியைக் கைவிடாமல் பின்தொடர்ந்து போங்கள். ஓரிடத்தில் நழுவிவிடும். பரவாயில்லை, திரும்ப ஆரம்பத்திலிருந்து. இளையராஜா பாட்டுகளில் பேஸ் லைனைத் தேடித் தேடிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே காதுதான், சத்தம் மட்டும் கூடுதல்.

எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?

பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம். வரிசைப்படி அது முதலில் வருகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. நாலு பேரும் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசிப்பது அதில் அப்பட்டமாகத் தெரியும், அதற்காக. 1969 அக்டோபரில் லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவானது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. ஒரு நாள்தான் என்னும்போது ஒட்டுப்போட நேரமில்லை. மேடையில் வாசித்ததை அப்படியே வாசித்துவிட்டு வந்தார்கள்.

குழுவின் பெயரையே தாங்கிய முதல் பாட்டைக் கேளுங்கள். மழை, மணியோசை, பிறகு டோனி ஐயோமியின் மூன்றே சுரம் கொண்ட ரிஃப். ஆமை வேகம். இன்று ஒரு மெட்டல் டிரம்மரிடம் இதைக் கொடுத்தால் கிக், ஸ்நேர் (பளீரென்று ஒலிக்கும் சின்ன டிரம்) என்று நேராக அடித்துவிட்டுப் போவார். பில் வார்டு அப்படிச் செய்யவில்லை. ரிஃபின் இரண்டு சுரங்களுக்கு நடுவே பெரிய வெற்றிடம் இருக்கிறதே, அங்கே டாம் டிரம்களில் உருட்டுகிறார், சிம்பலைச் சிதறவிடுகிறார், மறுபடி ஒதுங்கிக்கொள்கிறார். காலத்தை எண்ணிக் காட்டும் வேலையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்தப் பாட்டின் பயம் பாதி ஐயோமியின் சுரங்களில் இருக்கிறது என்றால், மீதி வார்டு எப்போது அடிப்பார் என்று நமக்குத் தெரியாததில் இருக்கிறது.

காரணம் எளிது. வார்டு கேட்டு வளர்ந்தது ஜீன் குரூப்பா, படி ரிச் போன்ற ஜாஸ் டிரம்மர்களை. அவருடைய தாளத்தில் ஒரு ஆட்டம் இருக்கும். அதே ஆண்டு வந்த ‘பாரனாய்டு’ ஆல்பத்தில் ‘வார் பிக்ஸ்’ பாடும் பகுதி வரும்போது கிட்டார் இரண்டு வெட்டு வெட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் தனியாகப் பாடுகிறார். அவருக்குத் துணை வார்டின் மூடிய ஹை-ஹாட், அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல், மட்டும். ஒரே ஒரு ஹை-ஹாட்டை வைத்துக்கொண்டு ஒரு பாட்டை விழாமல் தாங்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கீசர் பட்லருக்கு வேறு ஒரு வேலை இருந்தது. அவர் கிட்டாரிலிருந்து பேஸுக்கு மாறியவர், கிரீம் குழுவின் பேஸிஸ்ட் ஜாக் புரூஸின் ரசிகர். சாபத்தில் இருந்தது ஒரே கிட்டாரிஸ்ட். ஐயோமி சோலோவுக்குப் போய்விட்டால் ரிஃபைத் தாங்க ஆளில்லை. எனவே பட்லர் ரிஃபையும் வாசிப்பார், அதன் இடுக்குகளிலும் புகுந்து வாசிப்பார், ஐயோமி கம்பியை வளைத்தால் தானும் வளைப்பார். பேஸ் கம்பியை அப்படி வளைக்க விரலில் நல்ல வலு வேண்டும். ‘என்.ஐ.பி.’யின் தொடக்கத்தில் ஒலியை அழவைக்கும் வா-வா பெடலை மிதித்துக்கொண்டு அவர் தனியாக வாசிக்கும் பகுதியை அன்றைக்கு ஒரு பேஸிஸ்டிடம் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அந்தத் தலைப்பு கூட வார்டின் தாடியிலிருந்து வந்ததுதான். பேனா நிப் மாதிரி கூராக இருந்ததாம்.

கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கும் பழக்கம் எப்போது வந்தது?

1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில். ஐயோமி பதினேழு வயதில் பர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அதுதான். கம்பிகளைத் தளர்த்தினால் அழுத்துவது எளிது. அந்த ஆல்பத்தின் சில பாட்டுகளில் மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார், பட்லரும் கூடவே இறங்கினார். கிட்டார் இறங்கி பேஸ் அங்கேயே நின்றிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று மிதித்திருக்கும். பின்னால் வந்த, மெதுவாகவும் கனமாகவும் வாசிக்கும் டூம் மெட்டல் குழுக்கள் பிழைப்பதே இந்த ஒலியில்தான்.

பட்லர்தான் பாட்டு வரிகளையும் எழுதினாரா?

ஆமாம், ஆரம்பகால சாபத்தில் பெரும்பாலும் அவர்தான். ‘வார் பிக்ஸ்’, ‘அயர்ன் மேன்’, ‘பாரனாய்டு’ எல்லாம் அவர் வரிகள். ஓஸி மெட்டு போடுவார், பட்லர் வார்த்தை போடுவார். மெட்டல் என்றால் சாத்தான், போர், பைத்தியம் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை ஆரம்பித்து வைத்தவர் ஒரு பேஸிஸ்ட்.

டபுள் கிக்கைக் கண்டுபிடித்தது யார்?

மெட்டல்காரர்கள் இல்லை. ஜாஸ் டிரம்மர் லூயி பெல்சன் 1940களிலேயே இரண்டு கிக் டிரம் வைத்து வாசித்தார். ராக்கில் ஜிஞ்சர் பேக்கர், கீத் மூன். டீப் பர்ப்பிளின் இயன் பேய்ஸ் ஒற்றைக் கிக் ஆசாமி, ஆனால் 1971இல் ‘ஃபயர்பால்’ என்ற ஒரு பாட்டுக்காக இரண்டாவது கிக் டிரம் போட்டார்.

மெட்டலுக்கு அது அடையாளமாக மாறியது மோட்டர்ஹெட்டின் ‘ஓவர்கில்’ பாட்டில், 1979. ஃபில் டெய்லர் இரண்டு காலையும் தறிகெட்டு ஓடவிட்டுத் தொடங்குகிறார், பேஸிஸ்ட் லெம்மி சேர்கிறார், கிட்டார் சேர்கிறது. பாட்டு முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி அதே கால்கள். அதுவும் முடிந்தது என்றால் இன்னொரு முறை. சுத்தமான வாசிப்பு என்று சொல்ல மாட்டேன், அங்கங்கே தடுமாறுகிறது. ஆனால் அந்தத் தடுமாற்றம் இல்லாமல் அதே பாட்டை மெட்ரோனோம் மாதிரி வாசித்தால் யாருக்கு வேண்டும்? அதற்கு ஒரு வருடம் முன்பே ஜூடாஸ் பிரீஸ்டின் ‘எக்ஸைட்டர்’ பாட்டில் லெஸ் பிங்ஸ் டபுள் கிக்கோடு ஆல்பத்தைத் திறந்துவைத்தார். அது இன்னும் நேர்த்தி. ஆனால் பின்னால் வந்த பையன்கள் போய் நின்றது பெரும்பாலும் டெய்லர் வாசலில்.

1980களில் ஒரே கிக் டிரம்மை இரண்டு காலாலும் அடிக்கும் டபுள் பெடல் கடைகளில் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் இரண்டாவது டிரம் தூக்கிச் சுமக்கும் வேலையும் போனது.

லெம்மி வாசித்தது பேஸா, கிட்டாரா?

வாத்தியம் பேஸ், வாசித்த முறை கிட்டார். ஹாக்விண்டில் சேரும்வரை அவர் கிட்டாரிஸ்ட். 1975இல் அந்தக் குழு அவரை வெளியேற்றியதும் மோட்டர்ஹெட்டைத் தொடங்கினார். ரிக்கன்பேக்கர் பேஸில் பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) வைத்து கார்டுகளாக, அதாவது பல சுரங்களைச் சேர்த்து அடிப்பார். மார்ஷல் ஆம்ப்பில் அடிச்சத்தத்தைக் குறைத்து நடுச்சத்தத்தை ஏற்றி வைத்திருப்பார். அதனால் அவர் ஒலி எட்டி கிளார்க்கின் கிட்டாரோடு தோளோடு தோள் நிற்கும். மூன்று பேர் மட்டுமே இருந்த குழு அவ்வளவு நெரிசலாக ஒலித்தது இப்படித்தான். ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ முதல் நொடியில் கேட்கும் அந்தக் கரகரப்பு கிட்டார் அல்ல, அவர் பேஸ்.

மோட்டர்ஹெட்டில் யாருக்கும் அடித்தளம் போடும் எண்ணமே இல்லை என்று ஒரு விமர்சனம் உண்டு. நியாயம்தான். அந்தக் குழுவுக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஜூடாஸ் பிரீஸ்டில் ஏன் இத்தனை டிரம்மர்கள்?

1970கள் முழுக்க ஆள் மாறிக்கொண்டே இருந்தது. இதில் ஒரு லாபம் நமக்கு. டிரம்மர் மாறினால் ஒரு குழு எப்படி மாறும் என்பதை ஒரே குழுவை வைத்துப் பார்த்துவிடலாம்.

1977இல் வந்த ‘சின் ஆஃப்டர் சின்’னில் வாசித்தவர் சைமன் பிலிப்ஸ். அப்போது அவருக்கு இருபது வயதுதான், கூலிக்கு வாசிக்கும் ஸ்டூடியோ டிரம்மர். ‘டிசிடென்ட் அக்ரெஸர்’ பாட்டில் அவர் கைவேலையைக் கேட்டால் குழுவே அவரைத் துரத்திக்கொண்டு ஓடுவது போலிருக்கும். ஆல்பத்தோடு போய்விட்டார். அடுத்து வந்தவர் லெஸ் பிங்ஸ். ‘ஸ்டெயின்டு கிளாஸ்’ ஆல்பத்தின் ‘பியாண்ட் த ரெல்ம்ஸ் ஆஃப் டெத்’ பாட்டின் இசையில் பாடகர் ராப் ஹால்ஃபோர்டோடு அவர் பெயரும் இருக்கிறது. இரண்டு கிட்டாரிஸ்டுகள் இருந்த குழுவில் அந்த ரிஃபைக் கொண்டுவந்தவர் டிரம்மர். அவர் இடது கைக்காரர், கையில் கிடைத்த வலது கைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக் காட்டினார்.

பிறகு டேவ் ஹாலண்ட். 1980இல் வந்த ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’. சிக்கலெல்லாம் போய்விட்டது. நேரான நான்கு தட்டு, அவ்வளவுதான். பிலிப்ஸ், பிங்ஸ் ரசிகர்கள் இதை இறக்கம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘லிவிங் ஆஃப்டர் மிட்நைட்’, ‘பிரேக்கிங் த லா’ இரண்டும் அரங்கமே சேர்ந்து கைதட்டக் கட்டிய பாட்டுகள், அங்கே பிலிப்ஸ் வந்து வித்தை காட்டினால் பாட்டு கெட்டுவிடும். அந்த ஆல்பம் பதிவானது டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் என்ற மாளிகையில், அப்போது ரிங்கோ ஸ்டாருடையது. ‘மெட்டல் காட்ஸ்’ பாட்டில் இயந்திரங்கள் நடந்து வருவது போல ஒரு சத்தம் வேண்டியிருந்தது. பதிவு செய்த ஒலியை எடுத்து வாசிக்கும் சாம்பிளர் பரவாத காலம். ஸ்பூனும் முள்கரண்டியும் நிறைந்த தட்டை மைக் முன்னால் குலுக்கிப் பதிவு செய்தார்கள்.

1989இல் ஸ்காட் டிராவிஸ் வந்தார், 1990இல் ‘பெயின்கில்லர்’ வந்தது. ஆல்பத்தின் முதல் சில நொடிகள் அவருக்கு மட்டும்தான். இரண்டு கையும் இரண்டு காலும் சேர்ந்து ஒரு பாய்ச்சல். எண்பதுகளின் நடுவில் சிந்தசைசர் பக்கம் சாய்ந்திருந்த குழு, அந்தப் பாய்ச்சலிலேயே பழைய கணக்கைத் தீர்த்துவிட்டது.

அப்போ இயன் ஹில்?

முதல் ஆல்பத்திலிருந்து பிரீஸ்டின் பேஸிஸ்ட். மேடையில் டிரம்ஸ் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் நின்று அதே இடத்தில் ஆடிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் ரிஃபின் மூலச் சுரத்தை மட்டும் பிடிப்பார். இரண்டு கிட்டார்கள் ஒத்திசைத்துப் பறக்கும் குழுவில் அதுதான் சரியான வேலை. அயர்ன் மெய்டனின் பேஸிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸ் மாதிரி ஒருவரை அங்கே போட்டிருந்தால் மூன்றாவது கிட்டாரோடு அடிதடிதான்.

அயர்ன் மெய்டனின் ‘குதிரைப் பாய்ச்சல்’ தாளம் என்பது என்ன?

ஒரு தட்டுக்குள் ஒரு நெடிலும் இரண்டு குறிலும்: ‘டம்-டக, டம்-டக, டம்-டக’. ‘த ட்ரூப்பர்’, ‘ரன் டு த ஹில்ஸ்’ இரண்டிலும் ஓடுவது இதுதான். ஹாரிஸ் இதைப் பிக் வைத்து வாசிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும்தான். கம்பியைப் பிடித்து இழுப்பதைவிட அடிப்பது என்று சொல்லலாம், கம்பி, கிட்டார் கழுத்தில் இருக்கும் ஃப்ரெட் பட்டை மேல் மோதும் ‘கிளங்’ சத்தம் அப்படி வருகிறது. அவர் போடுவது சுற்றுக்கம்பி தட்டையான பிளாட்வவுண்ட் கம்பிகள். பொதுவாக ஜாஸ்காரர்கள் தேடும் மிருதுவான ஒலிக்கு உரிய கம்பி அது. அதை வைத்துக்கொண்டு இவர் எழுப்பும் சத்தம் வேறு.

ஹாரிஸ் குழுவை ஆரம்பித்தவர், முக்கியப் பாட்டாசிரியர். ‘ஹாலோவ்டு பி தை நேம்’, ‘ரன் டு த ஹில்ஸ்’, ‘த ட்ரூப்பர்’ மூன்றும் அவர் தனியாக எழுதியவை. இது ஒரு முக்கியமான வித்தியாசம். மற்ற குழுக்களில் பேஸிஸ்ட் ரிஃபுக்கு ஏற்றபடி வாசிப்பார். மெய்டனில் பல இடங்களில் கிட்டார்கள்தான் பேஸுக்கு ஏற்றபடி நடக்கின்றன.

கிளைவ் பர் பெரியவரா, நிக்கோ மெக்பிரெய்ன் பெரியவரா?

இந்தச் சண்டை நாற்பது வருடமாக நடக்கிறது, நானும் ஒரு பக்கம் நின்றுவிடுகிறேன்: பாட்டை முன்தள்ளுவதில் பர், சிக்கலான அமைப்பில் நிக்கோ.

பர் முதல் மூன்று ஆல்பங்களில் வாசித்தார், 1982 மார்ச்சில் வந்த ‘த நம்பர் ஆஃப் த பீஸ்ட்’ வரை. ‘ரன் டு த ஹில்ஸ்’ தொடங்குவது அவர் தாளத்தில்தான். அவர் ஸ்நேர் எப்போதும் ஒரு மயிரிழை அவசரப்படுவது போலிருக்கும், பாட்டு முன்னால் சாய்ந்து ஓடுவது போல. பங்க் காலத்து லண்டனின் வாசனை. நிக்கோ வந்ததும் 1983இல் ‘பீஸ் ஆஃப் மைண்ட்’. முதல் பாட்டு ‘வேர் ஈகிள்ஸ் டேர்’ அவர் டாம் டிரம்களில் உருட்டும் உருட்டலோடுதான் ஆரம்பம், புது டிரம்மரை அறிமுகப்படுத்த அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அதில் கிக் டிரம்மில் ஓடும் வேகமான அடிகளைக் கேட்டுவிட்டு டபுள் பெடல் என்று பந்தயம் கட்டாதீர்கள். ஒரே கால், ஒரே பெடல்.

பர் பின்னாளில் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயால் பாதிக்கப்பட்டு 2013 மார்ச்சில் காலமானார். அவர் சிகிச்சைக்காக மெய்டன் நிதிக் கச்சேரிகள் நடத்தியது.

ஓஸியின் முதல் இரண்டு ஆல்பங்களில் டிரம்ஸையும் பேஸையும் அழித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. சாபத்திலிருந்து விலக்கப்பட்ட ஓஸி 1980இல் ‘பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்’, 1981இல் ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ என்று இரண்டு ஆல்பங்கள் செய்தார். கிட்டார் ராண்டி ரோட்ஸ். பேஸ் ஆஸ்திரேலியாவின் பாப் டெய்ஸ்லி, முன்பு ரெயின்போ குழுவில் இருந்தவர். டிரம்ஸ் யூரியா ஹீப் குழுவிலிருந்து வந்த லீ கெர்ஸ்லேக். பாட்டு வரிகளில் பெரும்பகுதி டெய்ஸ்லி எழுதியது. இங்கேயும் ஒரு பேஸிஸ்ட்தான் ஓஸிக்கு வார்த்தை கொடுத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

‘டைரி’ வெளியாகும் முன்பே டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் வெளியேற்றப்பட்டார்கள். ஆல்பம் வந்தபோது உறையில் இருந்தது ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிட்ஜ் இருவரின் பெயரும் படமும். அவர்கள் அந்த ஆல்பத்தில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. பெயருக்கும் பணத்துக்கும் வழக்குகள் நடந்தன. 2002இல் இரண்டு ஆல்பங்களும் மறுபதிப்பாக வந்தபோது பழைய பேஸ், டிரம்ஸ் இரண்டையும் நீக்கிவிட்டு ராபர்ட் ட்ருஹியோவும் மைக் போர்டினும் புதிதாக வாசித்த ஒலியைச் சேர்த்திருந்தார்கள். ரோட்ஸ் 1982இலேயே விமான விபத்தில் இறந்துவிட்டவர். ஆக, இருபது வருடம் முந்தைய ஒரு கிட்டாருக்குக் கீழே இன்றைய ஆட்கள்.

ட்ருஹியோவும் போர்டினும் சாதாரண ஆட்கள் இல்லை. நன்றாகத்தான் வாசித்திருக்கிறார்கள். ஆனாலும் ஒட்டவில்லை. ‘ஓவர் த மவுண்டன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் கெர்ஸ்லேக் போடும் டிரம் உருட்டல்தான் ஆல்பத்தின் கதவைத் திறக்கிறது, அந்தப் பாட்டின் ஆக்கத்தில் அவர் பெயரும் உண்டு. அவர் அடித்து முடித்த இடத்தில், அந்த அடியைக் கேட்டுவிட்டுத்தான் ரோட்ஸ் நுழைகிறார். ‘மிஸ்டர் கிரவுலி’யில் ரோட்ஸின் சோலோவுக்கு அடியில் டெய்ஸ்லி நடந்துகொண்டே இருப்பார், கிட்டார் மேலே போனால் இவர் கீழே இறங்குவார். ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்லி எழுந்த வாசிப்பு அது. பாதிப் பேச்சை நீக்கிவிட்டு வேறொருவரை வைத்து நிரப்பினால், ரோட்ஸ் யாரோ இல்லாத ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பது போலாகிவிடுகிறது. ரசிகர்கள் சும்மா விடவில்லை. 2011 மறுபதிப்பில் மூல ஒலி திரும்பி வந்தது.

கெர்ஸ்லேக் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தபோது, அந்த ஆல்பங்களின் விற்பனைக்காகத் தரப்படும் பிளாட்டினம் தட்டுகளைச் சாவதற்குள் சுவரில் மாட்ட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2019இல் ஓஸி தரப்பிலிருந்து அவை வந்துசேர்ந்தன. 2020 செப்டம்பரில் கெர்ஸ்லேக் இறந்தார்.

கிளிஃப் பர்ட்டனை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

மெட்டாலிகாவுக்கு அவர் அவ்வளவு தேவைப்பட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த குழு சான் பிரான்சிஸ்கோ பக்கம் குடிபெயர்ந்தால்தான் சேருவேன் என்றார், குழுவே மூட்டை கட்டியது. 1983இல் வந்த முதல் ஆல்பத்தில் அவருக்கென்று ஒரு முழு பேஸ் சோலோ, டிஸ்டார்ஷனும் வா-வாவும் போட்டு. ‘ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்’ தொடக்கத்தில் கிட்டார் என்று எல்லோரும் நினைக்கும் அந்த முறுக்கிய ஒலி அவர் பேஸ்தான். 1986இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ ஆல்பத்தின் ‘ஓரியன்’ முழுக்க வாத்திய இசை. நடுவில் எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் ஒரு புது மெட்டைத் தொடங்கும் இடம் இருக்கிறது, அங்கே வேகத்தையே பாதியாக்கிவிட்டு மற்றவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைக்கிறார்.

செவ்வியல் இசை படித்தவர், பாக் பிரியர். இரட்டைக் கிட்டார்கள் ஒத்திசைந்து போகும் பகுதிகளில் அவர் கொண்டுவந்த ஹார்மனி அறிவு தெரிகிறது. 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்ததில் இறந்தார். வயது 24.

‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் பேஸ் எங்கே போனது?

மிக்ஸிங்கில், அதாவது பதிவான ஒலிகளைக் கலந்து அளவு வைக்கும் வேலையில் போனது. பர்ட்டனுக்குப் பிறகு வந்த ஜேசன் நியூஸ்டெட் எல்லாப் பாட்டிலும் வாசித்திருக்கிறார். 1988இல் ஆல்பம் வந்தபோது அவரைத் தேடினால் கிடைக்கவில்லை.

ஒரே காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. நியூஸ்டெட் பெரும்பாலும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிஃபை அச்சு அசலாகப் பின்தொடர்ந்தார். ஹெட்ஃபீல்டின் கிட்டார் ஒலியோ நடுப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு அடியை வீங்கவைத்த ஒலி, பேஸ் உட்கார வேண்டிய நாற்காலியில் அதுவே உட்கார்ந்துவிட்டது. லார்ஸ் உல்ரிக்கின் கிக் டிரம் ‘டிக் டிக்’ என்று மேலே போனது. இதெல்லாம் போக, மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்சன், பேஸைக் கேட்கவே கேட்காத அளவுக்குக் குறைக்கச் சொன்னது உல்ரிக்தான் என்று பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார். மிக்ஸிங் நடந்த காலத்தில் குழுவினர் சுற்றுப்பயணத்துக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தார்கள். இரவெல்லாம் மேடைச் சத்தத்தில் நின்ற காது எதைச் சரி என்று சொல்லும்?

பாட்டுகள் அருமை. ‘ஒன்’, ‘பிளாக்கன்டு’ இரண்டையும் எடுத்து எறிய முடியாது. ஆனால் ஒன்பது பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் எலும்பை மட்டும் தொட்டுப் பார்த்தது போல ஒரு வறட்சி. 2018 மறுபதிப்பிலும் மிக்ஸிங்கைத் தொடவில்லை. ரசிகர்கள் தாங்களே பேஸைக் கூட்டிச் செய்த பதிப்புகள் இணையத்தில் உலவுகின்றன. அவற்றைக் கேட்டுவிட்டு மூலத்தைக் கேளுங்கள், மேலே முதல் பதிலில் சொன்னது புரிந்துவிடும். 1991இல் வந்த மெட்டாலிகாவின் கருப்பு ஆல்பத்தில் தயாரிப்பாளர் பாப் ராக் நாலு பேரையும் சேர்ந்து வாசிக்கவைத்தார், பேஸும் திரும்பி வந்தது.

லார்ஸ் உல்ரிக் மோசமான டிரம்மரா?

மேடையில் சில இரவுகளில், ஆமாம். ஆல்பங்களில் இல்லை. அவருடைய பலம் கைவேகத்தில் இல்லை, பாட்டைக் கட்டுவதில். எந்த ரிஃபுக்குப் பிறகு எது, எங்கே நிறுத்துவது, எங்கே வேகத்தை மாற்றுவது என்று ஹெட்ஃபீல்டோடு உட்கார்ந்து அடுக்கியவர் அவர். ‘ஒன்’ பாட்டின் பின்பாதியில் கிக் டிரம்மும் கிட்டாரும் ஒரே அச்சில் துப்பாக்கியாகச் சுடுகின்றனவே, அது எளிமையான யோசனைதான். எத்தனை குழுக்கள் அதை வைத்துப் பிழைத்தன என்று எண்ண முடியாது.

ஸ்லேயரின் டேவ் லொம்பார்டோ அவ்வளவு வேகமா?

வேகம் மட்டும் என்றால் இன்று அவரைவிட வேகமாக அடிப்பவர்கள் நிறைய. கியூபாவின் ஹவானாவில் பிறந்த லொம்பார்டோவின் கைகளில் அந்த வேகத்திலும் ஒரு தளர்வு இருக்கிறது. 1986இல் வந்த ‘ரெய்ன் இன் பிளட்’ மொத்தம் 29 நிமிடம்தான், கேசட்டின் இரண்டு பக்கத்திலும் முழு ஆல்பத்தையும் போட்டு விற்றார்கள். தயாரிப்பாளர் ரிக் ரூபின் எதிரொலியை எல்லாம் துடைத்துவிட்டதால் ஒவ்வொரு அடியும் தனியாக விழும். முதல் பாட்டு ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’தின் பின்பகுதியில் எல்லோரும் சட்டென்று நின்றுவிட, அவருடைய இரண்டு கால்கள் மட்டும் ஓடும் இடத்தைப் பாருங்கள். மிகக் குறைந்த நேரம்தான். அதற்குப் பிறகு வந்த மெட்டல் டிரம்மர்கள் அறையைச் சாத்திக்கொண்டு பழகியது அதைத்தான்.

பேஸ்? டாம் அராயா பாடிக்கொண்டே ரிஃபின் கீழ் வரியை வாசிக்கிறார், அதிகம் காதில் விழாது. இங்கே அது பெரிய குறையாகத் தெரியவில்லை, அடியை டிரம்ஸே நிரப்பிவிடுகிறது.

டிரம்மர் ரிஃப் எழுதுவதெல்லாம் நடக்கிற காரியமா?

ஆந்த்ராக்ஸைக் கேளுங்கள். டிரம்மர் சார்லி பெனாண்டே கிட்டாரும் வாசிப்பார், குழுவின் இசையில் பெரும்பகுதி அவருடையது. பேஸிஸ்ட் ஃப்ராங்க் பெல்லோ அவருக்கு மருமகன், அதாவது பெனாண்டே தாய்மாமன். வயது வித்தியாசம் அதிகமில்லை, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ‘அமங் த லிவிங்’ ஆல்பத்தில் கிக்கும் பேஸும் அவ்வளவு ஒட்டிப் போவதில் ஆச்சரியமில்லை.

பாட்டின் ராயல்டியில் டிரம்மருக்கும் பேஸிஸ்டுக்கும் பங்கு உண்டா?

குழுவைப் பொறுத்தது. ஆரம்பகால சாபத்தில் நாலு பேர் பெயரும் இருக்கும். மோட்டர்ஹெட்டின் மூவரும் அப்படித்தான். பிரீஸ்டில் 1980களில் பாடகர் ஹால்ஃபோர்டு, கிட்டாரிஸ்டுகள் டிப்டன், டௌனிங் மூவர் பெயர்தான் பெரும்பாலும். மெய்டனில் யார் எழுதினாரோ அவர் பெயர் மட்டும். மெட்டுக்கும் வரிக்கும்தான் உரிமை, தாளத்துக்கு இல்லை என்பது இசைத் தொழிலின் பழைய வழக்கம். நியாயமா என்று கேட்டால், ‘பெயின்கில்லர்’ என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எது?

இவர்களில் யாரை இன்னும் மேடையில் பார்க்கலாம்?

லெம்மியும் ஃபில் டெய்லரும் 2015இல் அடுத்தடுத்த மாதங்களில் போய்ச் சேர்ந்தார்கள். நிக்கோ 2023இல் வந்த பக்கவாதத்திலிருந்து மீண்டு திரும்ப வாசித்தார், 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோ கச்சேரியோடு சுற்றுப்பயணத்திலிருந்து ஓய்வு. அவர் இடத்தில் சைமன் டாசன். ஹாரிஸ் ஓய்வதாகத் தெரியவில்லை. சாபத்தின் மூல நால்வரும் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். 2013இல் குழு ‘13’ ஆல்பம் செய்தபோது ஒப்பந்தப் பிரச்சினையில் வெளியே நின்ற பில் வார்டு இந்த முறை டிரம்ஸில் இருந்தார். ஓஸி அந்த மாதமே, 22ஆம் தேதி இறந்துவிட்டார். இயன் ஹில்லும் ஸ்காட் டிராவிஸும் பிரீஸ்டோடு சுற்றுப்பயணங்களைத் தொடர்ந்தார்கள். டிக்கெட் கிடைத்தால் டிரம்ஸ் தெரியும் பக்கமாகப் பார்த்து எடுங்கள்.